பாதத்தை நக்கும் நாய்

ஓசூரில் மெக்கானிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கழிவு ஆயிலுக்கும் பஞ்சமில்லை. காவலுக்குக் கட்டிய நாய்க்கு முடி கொட்டித் தோல் தடித்துப்போனால், பட்டறையில் யாராவது ஒருவர் டப்பாவில் கறுப்பு ஆயிலை எடுத்துவந்து பூசிவிடுவது இன்றும் நடக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆயில் மூச்சை அடைத்துப் பூச்சியைக் கொன்றுவிடும் என்று நம்புகிறார்கள். ஆனால் ஓடித் தேய்ந்த இன்ஜின் ஆயிலில் அரைகுறையாக எரிந்த ஹைட்ரோகார்பன்களும் உலோகத் துகள்களும் கலந்து கிடக்கின்றன. கிழிந்த தோல் வழியே அவை உடம்புக்குள் இறங்கும். மேலே மிஞ்சியதை நாயே நக்கி விழுங்கும். தோல் வெந்துபோகும், வாந்தி வரும், கல்லீரலும் சிறுநீரகமும் கெடும்.

இதில் பெரிய சோகம் இன்னொன்று. வருடக்கணக்கில் அரிப்பால் தவிக்கும் நாய்கள் பலவற்றின் தோலில் கொல்வதற்குப் பூச்சியே இருப்பதில்லை.

அப்படிப்பட்ட ஒரு நாயை எடுத்துக்கொள்வோம். ஓசூர் அடுக்குமாடி ஒன்றில் வளரும் லேப்ரடார், வயது இரண்டு. முதலில் முன்னங்கால் பாதங்களை நக்கத் தொடங்குகிறது. வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாய் என்றால் நக்கத்தானே செய்யும். சில மாதங்களில் விரல்களுக்கு நடுவே இருக்கும் வெளிர்மஞ்சள் முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறுகிறது. எச்சிலில் உள்ள போர்ஃபிரின் என்ற நிறமி ஏறிய கறை அது. எத்தனை நாளாக நக்கியிருக்கிறது என்பதற்கு அந்தக் கறையே சாட்சி. பிறகு காது சூடாகிச் சிவக்கிறது, தலையை உதறுகிறது. அக்குளும் அடிவயிறும் சிவந்து, பின்பு கறுத்து, யானைத்தோல் போலச் சொரசொரப்பாகின்றன. மழைக்காலத்தில் கூடுகிறது, கோடையில் கொஞ்சம் தணிகிறது. மூன்றாம் வருடம் ஒருநாள் காலையில் நாய் நொண்டுகிறது. விரித்துப் பார்த்தால் இரண்டு விரல்களுக்கு நடுவே நாவல்பழ நிறத்தில் பளபளவென்று ஒரு கட்டி. தொட்டால் உறுமுகிறது. இரண்டு நாளில் உடைந்து ரத்தமும் சீழும் வடிகிறது. அது ஆறும்போது பக்கத்து இடுக்கில் அடுத்தது கிளம்புகிறது.

இந்த விரலிடுக்குக் கட்டிக்குள் என்ன இருக்கிறது? பெரும்பாலும் நாயின் சொந்த முடிதான். லேப்ரடார், புல்டாக் போன்ற குட்டைமுடி இனங்களில் பாத முடி விறைப்பாக இருக்கும். ஓயாமல் நக்குவதால் இடுக்குத் தோல் தடித்து, முடி முளைக்கும் குழியின் வாய் அடைபடுகிறது. வீக்கத்தில் பாதம் விரிந்து, முடி உள்ள தோலே தரையில் அழுந்தத் தொடங்குகிறது. உடல் எடை கூடிய நாய்க்கு இந்த அழுத்தம் இன்னும் அதிகம். ஒரு கட்டத்தில் குழி உள்ளுக்குள்ளேயே வெடிக்கிறது. முடித்துண்டுகள் சதைக்குள் சிதறுகின்றன. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. தோலுக்கு வெளியே இருக்கும்வரை உடல் அதைக் கண்டுகொள்வதில்லை. உள்ளே புகுந்தால் அது முள்ளுக்குச் சமம். நோயெதிர்ப்புச் செல்கள் படையாக வந்து சூழ்கின்றன, கூடவே பாக்டீரியாவும் இறங்குகிறது. கீழ்ப்பக்கம் தரையில் அழுந்திக் கிடப்பதால் சீழ் மேல்நோக்கி வழி தேடி, பாதத்தின் மேற்புறத்தில் உடைகிறது. நாம் மருந்து தடவுவது உடைந்த இடத்தில். நோய் கிளம்பியது அடிப்புறத்தில். களிம்பு மட்டும் பூசினால் கட்டி ஆறாததற்கு இது ஒரு காரணம். சிதறிய முடி அங்கேயே கிடப்பது இன்னொரு காரணம்.

வலியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதை எல்லோரும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். நாய் வலியால் அழுது காட்டுவது அபூர்வம். நடைக்கு அழைத்தால் வாசலில் உட்கார்ந்துகொள்ளும், படியேறத் தயங்கும், கரடுமுரடான ஜல்லித் தரையைச் சுற்றிக்கொண்டு போகும், குழந்தை பாதத்தைத் தொட்டால் பல்லைக் காட்டும். ‘சோம்பேறியாகிவிட்டது’, ‘கோபக்காரனாகிவிட்டான்’ என்று வீட்டில் பேர் வைத்துவிடுவார்கள். குணம் மாறிய நாயின் பாதத்தையும் காதையும் முதலில் பாருங்கள். வலிக்கு வீட்டில் உள்ள மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. மனிதர்களுக்கான இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைப் பாழாக்கும். தடவுகிற வலி ஜெல்லும் அப்படித்தான், நக்கினால் வயிற்றுக்குள் போய்விடும். நாய்க்கென்றே உள்ள வலி மருந்துகளைக்கூட ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருக்கும்போது சேர்த்துக் கொடுத்தால் குடல் ஓட்டையாகும் அளவுக்கு ஆபத்து உண்டு. வலிக்கு மருந்து கேட்கும்போது, போன வாரம் என்ன ஊசி போட்டார்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

சரி, நாய் ஏன் நக்கத் தொடங்கியது? அதுதான் வேர். நம் லேப்ரடாருக்கு இருப்பது அடோபிக் டெர்மடைட்டிஸ் என்ற பரம்பரைச் சாய்வுள்ள ஒவ்வாமைத் தோல் அழற்சி. பத்து நாய்களில் ஒன்றுக்காவது இது இருக்கும் என்பது தோல் மருத்துவர்களின் பொதுவான மதிப்பீடு. லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு, புல்டாக், பாக்ஸர் இனங்களில் அதிகம் காணப்படுகிறது. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய்க்கும் வரும்.

நாயின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. முடி மூடிய இடங்களில் அதன் மேல்தோல் மூன்று முதல் ஐந்து அடுக்குச் செல்களே. நமக்குப் பத்துக்கும் மேல். நம் தோலின் அமிலத்தன்மை பிஎச் 5.5 அளவில் இருக்க, நாயின் தோல் கிட்டத்தட்ட நடுநிலையாக, 7ஐ ஒட்டி இருக்கிறது. நாம் குளிக்கும் சோப்பும் ஷாம்புவும் அதற்கு ஒத்துவராததற்குக் காரணம் இதுதான். அடோபி உள்ள நாய்களில் மேல்தோல் செல்களுக்கு நடுவே இருக்க வேண்டிய செராமைடு போன்ற கொழுப்புகள் குறைவாகவும் ஒழுங்கற்றும் இருக்கின்றன. தண்ணீர் வெளியே கசிகிறது, தூசியும் மகரந்தமும் உள்ளே கசிகின்றன. மகரந்தத்தை மூச்சில் இழுத்துத்தான் நாய்க்கு அரிப்பு வருகிறது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். தோல் வழியே நுழைவதுதான் முக்கியம் என்பது பின்னால் தெளிவாயிற்று. பாதம், அடிவயிறு, அக்குள், முகம் என்று தரையையும் புல்லையும் உரசும் இடங்களே முதலில் பாதிக்கப்படுவது இதனோடு பொருந்திப்போகிறது.

என்ன நுழைகிறது? உலகெங்கும் முதலிடம் வீட்டுத் தூசி உண்ணிக்கு. நாய்களில் குறிப்பாக டெர்மடோஃபகாய்டஸ் ஃபாரினே என்ற இனம். கண்ணுக்குத் தெரியாத இந்த உயிரி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சிக்கொள்கிறது. நம் உடம்பிலிருந்தும் நாயின் உடம்பிலிருந்தும் உதிரும் தோல் செதில்தான் அதன் உணவு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், அதிகம் சுடாமல், மழை மாதங்களில் ஈரம் தங்கும் ஓசூரின் வீடுகள் அதற்குச் சொர்க்கம். மெத்தை, சோபா, நாய் படுக்கும் பழைய கம்பளி எல்லாவற்றிலும் குடியிருக்கும். கிழக்கே கிருஷ்ணகிரிக்கு இறங்கினால் வெயில் கூடும். அங்கே கருங்கல் குவாரித் தூசி காய்ந்த தோலை மேலும் உராய்கிறது. தை, மாசியில் மாந்தோப்புகள் பூக்கின்றன. இரண்டு ஊருக்கும் நடுவே, கம்பெனி கட்டக் காத்திருக்கும் காலி மனைகளில் பார்த்தீனியம் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கிறது. 1950களில் புனேயில் கவனிக்கப்பட்ட இந்த அமெரிக்கக் களை, பெங்களூரைச் சுற்றி மனிதர்களுக்கு எவ்வளவு மோசமான தோல் அழற்சியைத் தந்தது என்பது மருத்துவ வரலாறு. அதைத் தின்னவென்றே மெக்சிகோவிலிருந்து சைகோகிராமா என்ற வண்டை 1983இல் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். வண்டு இன்றும் தின்கிறது. களை அதைவிட வேகமாக முளைக்கிறது. பூத்த பார்த்தீனியத்துக்குள் நாயை நடத்தாதீர்கள். நடந்து திரும்பியதும் வெறும் தண்ணீரில் நான்கு பாதங்களையும் கழுவி, விரலிடுக்கை நன்றாகத் துடையுங்கள். ஈரம் தங்கினால் அதுவே அடுத்த நோய்க்கு விதை.

தூசி தோலுக்குள் நுழைவதற்கும் நாய் சொறிவதற்கும் நடுவே உள்ள கண்ணியை அறிவியல் சமீபத்தில்தான் பிடித்தது. 2004இல் இன்டர்லூகின்-31 என்ற புரதம் அடையாளம் காணப்பட்டது. நோயெதிர்ப்புச் செல்கள் இதைச் சுரக்கின்றன. அரிப்பைக் கடத்தும் நரம்பு நுனிகளில் இது போய் அமர்ந்ததும் மூளைக்குச் செய்தி போகிறது. ஆரோக்கியமான நாய்களுக்கு இந்தப் புரதத்தை ஊசியாகச் செலுத்தியபோது அவை சொறிந்தன என்பதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆண்டு அமெரிக்காவில் ஓக்லாசிடினிப் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. செல்லுக்குள் இந்தச் செய்தி கடக்கும் ஜேக் என்ற நொதிகளை அது தடுக்கிறது. சில மணி நேரத்தில் அரிப்பு அடங்குகிறது. ஒரு வயது நிரம்பாத நாய்களுக்கு இதைக் கொடுப்பதில்லை. அடுத்து வந்த லோகிவெட்மாப் இன்டர்லூகின்-31ஐயே பிடித்து முடக்கும் எதிர்ப்புரத ஊசி, மாதம் ஒருமுறை போடுவது.

ஆனால் நம் ஊர்ப்பக்கம் நாய்க்கு அரிப்பென்றால் முதலில் ஏறுவது ஸ்டீராய்டு ஊசி. ஸ்டீராய்டைப் பழிப்பது என் நோக்கமல்ல. கார்டிசோனைக் கண்டறிந்து பயன்படுத்தியவர்களுக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது தகுதியால்தான். நெருப்பாய் எரியும் தோலைச் சில நாளில் அடக்க பிரெட்னிசலோன் மாத்திரை நல்ல மருந்து. விலையும் குறைவு, அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். வாரக்கணக்கில் உடம்பில் தங்கும் ஊசிதான் என் கவலை. போட்ட மறுநாள் அரிப்பு நிற்கும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஒரு மாதத்தில் திரும்பி வரும், மறுபடி ஊசி. நாய் குடம் குடமாய்த் தண்ணீர் குடிக்கும், வயிறு தொங்கும், தோல் காகிதமாய் மெலியும், தொற்று ஆழமாய் இறங்கும்.

கர்நாடக எல்லைப்பகுதி வாழ்க்கை இதை இன்னும் மோசமாக்குகிறது. ஒரு முறை ஓசூரில் காட்டுவார்கள், அடுத்த முறை வேலைக்குப் போகும் வழியில் ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளியில், பிறகு யாரோ சொன்னார்கள் என்று பெங்களூரில். ஒவ்வொரு இடத்திலும் நாய் புது நோயாளி. முந்தைய சீட்டு தொலைந்திருக்கும், ஊசியின் பெயர் தெரியாது. மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824இல் தொடங்கியது; இருநூறு வருடமாகக் கால்நடையோடு வாழ்ந்த வட்டாரம் இது. ஆனால் மாட்டாஸ்பத்திரியின் ஒரு நாள் மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் சரியாக இருக்கும்; ஒரு நாயின் மூன்று வருடக் கதையைக் கேட்க அங்கே நேரம் இராது. ஆகவே அந்தக் கதையை எழுதிவைப்பது வளர்ப்பவர் வேலை. ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தேதி, மருந்தின் பெயர், அளவு, என்ன சாப்பிட்டது, அரிப்புக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோலே இதுதான். தூக்கம் கலைந்து எழுந்து சொறிகிறதா, சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சொறிகிறதா என்பதைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். ஆரோக்கியமான நாய்க்கும் 1, 2 வரும். 8 இருந்தது 3க்கு வந்தால் சிகிச்சை வேலை செய்கிறது. பாதத்தைப் போனில் படம் எடுத்துவைப்பதும் இந்த நோட்டின் பகுதிதான்.

அடோபி என்று முடிவு கட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கித்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். 2010இல் சூரிச்சைச் சேர்ந்த ஃபாவ்ரோவும் சக ஆய்வாளர்களும் தந்த அடையாளங்கள் வழிகாட்டும்: மூன்று வயதுக்குள் தொடக்கம், வீட்டுக்குள் வளர்வது, முன்பாதங்களும் காது மடலும் பாதிக்கப்பட்டிருப்பது, ஆனால் காதின் ஓரம் தப்பியிருப்பது போன்றவை. காதோரம் தப்பவில்லை, முழங்கையும் செதிலாகியிருக்கிறது என்றால் சார்காப்டஸ் என்ற நுண்பூச்சி தரும் சொறியைச் சந்தேகிக்க வேண்டும். நாயின் காது மடல் ஓரத்தை விரல்களுக்கு நடுவே வைத்து லேசாகத் தேய்த்துப் பாருங்கள். சொறி இருக்கும் நாய்களில் பெரும்பாலானவை அந்தப் பக்கத்துப் பின்னங்காலைத் தானாகவே ஆட்டும். வீட்டில் மனிதர்களுக்கும் அரிப்பு வந்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

அடுத்தது டெமோடெக்ஸ். கத்தியின் விளிம்பால் ரத்தம் துளிர்க்கும்வரை தோலைச் சுரண்டி, ஒரு சொட்டு எண்ணெயில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் சுருட்டு வடிவ உடலும் முன்பக்கம் மட்டும் நான்கு ஜோடிக் குட்டைக் கால்களுமாக அது அசைவது தெரியும். பிறந்த ஓரிரு நாளில் பால் குடிக்கும்போதே தாயிடமிருந்து குட்டிக்கு வந்துவிடும் இந்த உயிரி, முடிக்குழியில் சும்மா வாழ்கிறது. எதிர்ப்பாற்றல் தளரும்போதுதான் பெருகுகிறது. தொடர்ந்து ஸ்டீராய்டு ஏறிய வளர்ந்த நாயின் பாதங்களில் இது வெடித்துக் கிளம்புவதுண்டு. அப்போது அரிப்பென்று இன்னொரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் சுரண்டிப் பார்க்காமல் ஊசி வேண்டாம் என்று கேட்க வளர்ப்பவருக்கு உரிமை இருக்கிறது. சிகிச்சை இன்று எளிது. ஃப்ளூராலனர், அஃபாக்ஸோலனர் வகை உண்ணி மாத்திரைகள் டெமோடெக்ஸையும் சார்காப்டஸையும் சேர்த்தே ஒழிக்கின்றன. வலிப்பு உள்ள நாய் என்றால் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாட்டுக்கான ஐவர்மெக்டினை அளந்து நாய்க்குப் போடும் பழக்கத்தை விட்டுவிடலாம். கோலி போன்ற மேய்ப்பு இனங்களில் எம்டிஆர்1 மரபணுப் பிழை உள்ள நாய்களின் மூளைக்கு அது நஞ்சு.

மூன்றாவது, உணவு. ஊறலுக்குச் ‘சூட்டு உடம்பு’ என்று காரணம் சொல்லி, கோழியை நிறுத்தித் தயிர்சாதத்துக்கு மாற்றுவது நம் வழக்கம். நாய்களின் உணவு ஒவ்வாமையில் மாட்டிறைச்சி, பால்பொருள், கோழி, கோதுமை நான்குமே முன்வரிசையில் இருப்பவை. கோழியை நிறுத்திப் பாலில் கொண்டுபோய் விடுவதால் பலனில்லாமல் போகலாம். அந்த நாய் வாழ்நாளில் சாப்பிடாத ஒரு புரதமும் ஒரு மாவுப்பொருளும் மட்டும் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். உணவுதான் காரணம் என்றால் பத்தில் ஒன்பது நாய்களுக்கு அதற்குள் தெரிந்துவிடும். பிஸ்கட்டும் முட்டையும் வாங்கித்தின்று வளர்ந்த நாய்க்குக் கிருஷ்ணகிரிப்பக்கம் கைவசம் இருப்பது கேழ்வரகு. களியோடு, இதுவரை கொடுக்காத முயலோ மீனோ வேகவைத்துக் கலக்கலாம், உப்பில்லாமல், வெங்காயம் இல்லாமல். குட்டியிலிருந்தே களி தின்ற நாயென்றால் கேழ்வரகு இந்தச் சோதனைக்கு உதவாது. எட்டு வாரம் முடிந்து அரிப்பு தணிந்தால் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால்தான் உணவு குற்றவாளி என்பது உறுதி. டீ குடிக்கும்போது தாத்தா போடும் அரை பிஸ்கட் இந்த இரண்டு மாத உழைப்பையும் வீணாக்கிவிடும். பத்தியம் இருப்பது நாய் மட்டுமல்ல, வீடே.

இவையெல்லாம் நடக்கும்போது தோலின் மேல் நடக்கும் போர் தனி. ஸ்டஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் நாயின் தோலில் இயல்பாக வாழும் பாக்டீரியா. அது தனி இனம் என்று பிரித்தறிந்ததே 2005இல்தான். மலசேசியா என்ற ஈஸ்ட்டும் அங்கே உண்டு. நாய்த்தோலில் வாழும் வகையை முதலில் பிரித்தெடுத்தது தோல் உரிந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்திலிருந்து. 1925இல் வைட்மன் அதை விவரித்தார். மலசேசியா பெருகினால் ஊசிப்போன எண்ணெய் போல ஒரு வாடை வரும், தோல் பிசுபிசுக்கும். அரிக்கும் தோலில் இரண்டும் கூடிக்கொண்டு அரிப்பை இரட்டிப்பாக்குகின்றன. மேலோட்டமான தொற்றுக்கு மாத்திரையைவிட முதல் மருந்து குளியல்தான். குளோர்ஹெக்ஸிடின் உள்ள நாய் ஷாம்பு, வாரம் இரண்டு முறை, நுரை பத்து நிமிடம் தோலில் ஊற வேண்டும். இந்தப் பத்து நிமிடம்தான் மருந்து. தேய்த்தவுடன் கழுவினால் வெறும் குளியல். வெந்நீர் வேண்டாம், அரிப்பைக் கிளப்பும்.

ஆன்டிபயாட்டிக்கை அவசரப்பட்டு அள்ளிக் கொடுத்ததன் விளைவாக, மெத்திசிலினுக்கு அடங்காத சூடின்டர்மீடியஸ் உலகெங்கும் பரவியிருக்கிறது. விரலிடுக்குக் கட்டி போன்ற ஆழத்தொற்றுக்குச் சீழை எடுத்துக் கல்ச்சர் பரிசோதனை செய்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்துத்தான் தொடங்க வேண்டும். தொடங்கினால் வாரக்கணக்கில் ஓடும். புண் மூடியதும் நாமாக நிறுத்தக்கூடாது, மருத்துவர் தொட்டுப்பார்த்து அடித்தடிப்பு போயிருக்கிறதா என்று சொல்ல வேண்டும். கூடவே எடையைக் குறைக்க வேண்டும். நாள் முழுக்கச் சொரசொரப்பான சிமென்ட் தரையில் கட்டிப்போட்ட காவல் நாய்க்கு ஒரு ரப்பர் விரிப்பாவது வேண்டும். கம்பெனி வளாகங்களில் இது செலவே இல்லாத சிகிச்சை. தரையைப் பினாயிலால் துடைத்து, காய்வதற்குள் நாயை விடுவதும் நிற்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் அடிப்புறம் தழும்பேறிக் கட்டி திரும்பத் திரும்ப வந்தால், அந்தத் திசுவை லேசரால் அடுக்கடுக்காக நீக்கும் அறுவை சிகிச்சை உண்டு.

மாத்திரை அரிப்பை அடக்கும், ஒவ்வாமையை மாற்றாது. அதை மாற்ற முயலும் ஒரே வழி, எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதையே மிகச் சிறு அளவில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போய் உடலைப் பழக்குவது. லியனார்ட் நூன் 1911இல் லண்டனில் புல் மகரந்த ஒவ்வாமை உள்ள மனிதர்களிடம் தொடங்கிய முறை இது. நாய்களில் பாதிக்கும் சற்று அதிகமானவற்றுக்கு நல்ல பலன் தருகிறது. எந்தத் தூசி, எந்த மகரந்தம் என்று தோலில் குத்திப் பார்க்கும் சோதனை முதலில் தேவை. அதற்குச் சில வாரம் முன்பே ஸ்டீராய்டை நிறுத்தியிருக்க வேண்டும். பெங்களூரின் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரிக்கோ வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ நாயைக் கொண்டுபோகிறவர்கள் அந்த நோட்டையும் எடுத்துப் போனால், கடைசி ஊசி எப்போது, எந்த மாதத்தில் அரிப்பு ஏறியது என்பதை மருத்துவர் அங்கேயே பார்த்துக்கொள்வார். முதல் மருந்துக்கும் பலன் தெரிவதற்கும் நடுவே ஒரு வருடம் வரை ஆகலாம். அந்த மாதங்களில் குளியலும் பாதம் கழுவுவதும் அரிப்பு மாத்திரையும் நிற்காமல் தொடரும். மதிப்பெண் இறங்க இறங்க மாத்திரையைத்தான் முதலில் குறைப்பார்கள், குளியலைக் கடைசியில்.